பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை நாள்? சொத்தையை அடைக்க மும்பையில் ஆகும் செலவு

மும்பையில் பிழைக்க வந்த நம்மவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பல்லில் வலி வந்தால் முதலில் கிராம்பு. கிராம்புக்கு அடங்காவிட்டால் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை. மாத்திரைக்கும் அடங்காவிட்டால், "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்." மே மாத லீவோ, கோயில் கொடையோ, தங்கச்சி கல்யாணமோ வருகிறவரை அந்தப் பல் வாயிலேயே கிடக்கிறது.

கிடக்கிறது என்று சொல்வதும் சரியில்லை. பல் சும்மா கிடப்பதில்லை. ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய காரியத்தைப் பத்தாயிரம் ரூபாய்க் காரியமாக மாற்றும் வேலையை அது ராப்பகலாகச் செய்துகொண்டிருக்கிறது. ஊருக்கு ரயில் ஏறும் நாளில் அடைப்பதற்குப் பல்லே மிஞ்சாமல், பிடுங்குவதற்கு மட்டும் மிஞ்சியிருக்கும்.

பல் சொத்தையை அடைப்பது, அதாவது 'பில்லிங்' செய்வது, பல் வைத்தியத்திலேயே மலிவான சிகிச்சைகளில் ஒன்று. அந்த மலிவான கட்டத்தைத்தான் நம் ஜனங்கள் தவறவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் "காசு இல்லை" என்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி வேறு இடத்தில் இருக்கிறது.

ரூபாய் ஏறும் விதம்

பல்லின் மேல் ஓடு நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள். எலும்பைவிடக் கெட்டி. அதில் நரம்பு கிடையாது. ஆகையால் அதில் ஓட்டை விழும்போது ஒன்றும் தெரியாது. வாயில் உள்ள கிருமிகள் நாம் தின்னும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. ஒரே மூச்சில் அரைக் கிலோ அல்வா சாப்பிடுகிறவனைவிட, காலையிலிருந்து ராத்திரி வரை ஆறு 'கட்டிங்' டீ குடிக்கிறவனுக்குத்தான் ஆபத்து அதிகம். இனிப்பின் அளவைவிட, எத்தனை தடவை வாய் இனிக்கிறது என்பதே முக்கியம். இந்த நகரத்தில் கட்டிங் டீ குடிக்காதவர் யார்?

ஓட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் இரண்டாவது அடுக்குக்குச் சொத்தை போனதும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் 'சுரீர்' என்கிறது. தண்ணீர் போனதும் வலியும் போய்விடுகிறது. இந்தக் கட்டத்தில் டாக்டரிடம் போனால் அநேகமாக அடைப்போடு வேலை முடிந்துவிடும். ஒரே நாள், அரை மணி நேரம், சில சமயம் மரத்துப்போகும் ஊசி கூடத் தேவைப்படாது. மும்பையின் சாதாரணப் பேட்டைகளில் உள்ள தனியார் கிளினிக்குகளில் இதற்கு ஏறக்குறைய 800 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய் வரை கேட்கிறார்கள். பேட்டைக்குத் தக்கபடி கூடும், குறையும்.

அங்கே நிற்காமல் விட்டால் சொத்தை நடுவில் உள்ள நரம்பைத் தொடுகிறது. இப்போது வலி தானாக வரும். சூடு பட்டால் வந்த வலி நெடுநேரம் நிற்கும். ராத்திரி படுத்தால் அதிகமாகும். இனி அடைப்பு பயன்படாது. நரம்பை எடுத்து வேரைச் சுத்தம் செய்து மூட வேண்டும். இதைத்தான் 'ரூட் கேனல்' என்கிறார்கள். தனியாரிடம் நாலாயிரம் முதல் பத்தாயிரம் வரை. கடைவாய்ப் பல்லானால் பிறகு உடைந்துபோகாமல் இருக்க அதன்மேல் ஒரு 'கேப்' மாட்டச் சொல்வார்கள். அது தனிக் கணக்கு. மூவாயிரத்தில் ஆரம்பித்து, பொருளைப் பொறுத்து பதினையாயிரம் வரை போகும்.

இதற்கிடையில் ஒரு விபரீதமும் நடக்கும். ஒரு நாள் வலி நின்றுவிடும்! "கடவுள் புண்ணியத்தில் சரியாகிவிட்டது" என்று வீட்டில் சொல்வார்கள். சரியாகவில்லை, நரம்பு செத்துவிட்டது. சில மாதம் கழித்து வேரின் அடியில் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கும். தாடைக்கு அடியில் வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால், அது பல் டாக்டரிடம் முறை கேட்டுக் காத்திருக்கும் விஷயமே அல்ல. அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். சொத்தைப் பல்லால் உயிர் போவதும் உண்டு.

இட்லிக் கூடையும் காலைச் சீட்டும்

தாராவியில் விடியற்காலை மூன்று மணிக்கே அடுப்பு பற்றவைத்து இட்லி அவிக்கிறார்கள். ஆறு, ஏழு மணிக்கெல்லாம் சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கிக்கொண்டு நகரம் முழுக்கப் பரவுகிறார்கள். பதினோரு மணிக்கு வியாபாரம் முடிந்துவிடும். அதற்குள் விற்றதுதான் அன்றைய வருமானம்.

சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் புதிய நோயாளிக்குச் சீட்டு கொடுப்பதும் பொதுவாக அதே காலை நேரத்தில்தான். பல் சிகிச்சை அங்கே மிகக் குறைந்த கட்டணத்தில் நடக்கிறது என்பது இட்லி வியாபாரிக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். ஆனால் அங்கே போய் வரிசையில் நின்றால் அன்றைய மாவு என்ன ஆவது? ஊறவைத்த அரிசியும் உளுந்தும் பல் வலிக்காகக் காத்திருக்குமா?

அவருடைய கணக்கை அவர் நிலையிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்குச் செலவு போக 700 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் சீட்டு எடுத்து, பல்லைக் காட்டி, எக்ஸ்ரே எடுத்து, தேதி வாங்கி வர வேண்டும். இன்னொரு நாள் அடைக்க வேண்டும். இரண்டு நாள் வியாபாரம் போனால் 1,400 ரூபாய். ஆஸ்பத்திரிக் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்த 1,400 குறையாது. சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுப் பக்கத்துத் தனியார் டாக்டரிடம் ஆயிரம் ரூபாய் கொடுத்து அடைத்துக்கொண்டால் நானூறு ரூபாய் மிச்சம். வியாபாரமும் கெடாது.

ஆக, சிறிய சொத்தைக்குத் தனியாரும், பெரிய வேலைக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியும் என்பதே கூலிக்காரக் குடும்பத்துக்குப் பல சமயம் கட்டுப்படியாகிற கணக்கு. நடைமுறையில் நடப்பது இதற்கு நேர்மாறு. சிறிய சொத்தைக்கு ஒருவரிடமும் போவதில்லை. பெரிதாகி, வலி தாங்காமல், நடு ராத்திரி வரை புரண்டுவிட்டு, மறுநாள் மாலை எந்தக் கிளினிக் திறந்திருக்கிறதோ அங்கே போய் விழுகிறார்கள். வலியோடு போகிறவன் விலை பேச முடியாது.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் நிலை இன்னும் மோசம். நாலு வீட்டில் வேலை என்றால் நாலு வீட்டிலும் லீவு கேட்க வேண்டும். "பல் வலிக்கெல்லாம் லீவா?" என்று ஒரு வீட்டிலாவது கேட்பார்கள்.

வெள்ளியா, சிமெண்டா, வெள்ளைப் பசையா?

அடைக்கும் பொருளைப் பொறுத்தும் விலை மாறுகிறது. கிளினிக்கில் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும்போது "எதை வைக்கட்டும்?" என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? ஆகவே முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பழைய ஆட்கள் வாயில் கறுப்பாகத் தெரிவது 'வெள்ளி' அடைப்பு. பெயர்தான் வெள்ளி, எடையில் சுமார் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. மலிவு, உழைப்பு அதிகம், பத்துப் பதினைந்து வருஷம் கூடத் தாங்கும். ஆனால் பாதரசம் சுற்றுப்புறத்துக்குக் கேடு என்பதால் உலக நாடுகள் மினமாட்டா உடன்படிக்கை என்று ஒன்றைச் செய்துகொண்டன. இந்தியா அதை 2018-ல் ஏற்றது. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இந்த அடைப்பைத் தவிர்க்க வேண்டும் என்று 2022-ல் அந்த நாடுகள் முடிவெடுத்தன. 2034-க்குள் அடியோடு நிறுத்துவது என்று 2025 நவம்பரில் ஜெனீவாவில் தீர்மானித்தார்கள். இதைக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைப் பெயர்த்தெடுக்கக் கிளம்ப வேண்டாம். உடையாமல் உறுதியாக இருப்பதை விட்டுவைப்பதே மேல் என்பதுதான் பொதுவான மருத்துவ ஆலோசனை. பெயர்த்தெடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வெளிப்படும்.

அடுத்தது, நம்மவர்கள் 'சிமெண்ட்' என்று சொல்வது. 'கிளாஸ் அயனோமர்' என்பது அதன் பெயர். 1970-களின் தொடக்கத்தில் லண்டனில் உள்ள சர்க்கார் ரசாயனச் சாலையில் கண்டுபிடித்தார்கள். பல்லோடு தானாக ஒட்டிக்கொள்ளும். பல்லுக்கு நல்லதான புளூரைடைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும். விலையும் குறைவு. மின்சாரமோ டிரில் மெஷினோ இல்லாத இடத்தில், சொத்தையைக் கையால் சுரண்டி எடுத்துவிட்டு இந்தச் சிமெண்டை வைக்கும் முறையை 1980-களில் ஆப்பிரிக்காவில் தான்சானியாவில் தொடங்கினார்கள். பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. குறை என்னவென்றால், கடைவாய்ப் பல்லில் அரைபடும் இடத்தில் வைத்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். குழந்தைகளின் பல்லுக்கும், ஈறோரத்துச் சொத்தைக்கும் நல்லது.

மூன்றாவது, பல் நிறத்திலேயே இருக்கும் வெள்ளைப் பசை. 'காம்போசிட்' என்கிறார்கள். நீல வெளிச்சம் காட்டிக் கெட்டியாக்குவது இதுதான். சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனமாக ஒவ்வொரு அடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் காட்ட வேண்டும். எச்சில் ஒரு துளி பட்டாலும் ஒட்டாது. டாக்டருக்கு நேரம் அதிகம் பிடிக்கிறது. அதனால் விலையும் அதிகம். சொத்தை ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் ஒரு விலை, இரண்டு பற்களுக்கு நடுவிலும் இறங்கியிருந்தால் வேறு விலை என்று சொல்வதற்குக் காரணமும் இதுவே. ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். உண்மையிலேயே வேலை கூடுதல்.

நாற்காலியில் ஏறுவதற்கு முன்னே கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். எந்தப் பொருள் வைக்கப் போகிறீர்கள், எக்ஸ்ரேயும் இந்தத் தொகையில் சேர்த்தியா, தோண்டிப் பார்த்தபின் நரம்பு வரை போயிருந்தால் மேற்கொண்டு எவ்வளவு ஆகும்? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. பில்லிங் என்று போய் ரூட் கேனல் என்று திரும்பியவர்கள் ஏராளம். டாக்டர் பேரில் எப்போதும் குற்றமில்லை. ஆழம் தோண்டினால்தானே தெரியும்? ஆனால் முன்னால் கேட்டு வைத்திருந்தால், தற்காலிகமாக மூடிவிட்டு வீட்டுக்கு வந்து யோசிக்கவாவது வழி உண்டு. வைத்தியக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளலாம். அழகுக்காகச் செய்துகொள்வது வேறு.

எங்கே போவது?

மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நாயர் ஆஸ்பத்திரிப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1933-ல் தொடங்கியது, மாநகராட்சி நடத்துகிறது. தாராவி, மாகிம் பக்கத்துக்காரர்கள் மாகிமில் ஸ்லோ வண்டி ஏறினால் நேரே போய் இறங்கலாம். மாநில சர்க்காரின் பல் மருத்துவக் கல்லூரி சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனை ஒட்டிய செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கிறது. சயான், முலுண்ட், செம்பூர்க்காரர்களுக்கு இது வசதி. பி.டிமெலோ சாலைப் பக்கமாக வெளியே வந்தால் பக்கம்.

இரண்டிலும் கட்டணம் தனியாரிடம் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான். மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர்கள் நின்று மேற்பார்வை செய்வார்கள். "படிக்கிற பையன் கையில் பல்லைக் கொடுப்பதா?" என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. மாணவர் ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போகிறார். அவசரக் கிளினிக்கில் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு அங்கே ஒரு மணி நேரம் ஆவது அதனால்தான். பொறுமை வேண்டும். கையில் ஒரு டிபன் டப்பாவும் வேண்டும்.

நவி மும்பையில் நெரூல், கார்கர், காமோட்டே பகுதிகளில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் கல்லூரி என்றால் கட்டணம் ஆளை விழுங்கும் என்று நினைப்பார்கள். படிக்கச் சேருகிறவர்களுக்குத்தான் அப்படி, நோயாளிகளுக்கு அல்ல. மாணவர்கள் இத்தனை பல் அடைத்தாக வேண்டும், இத்தனை பிடுங்கியாக வேண்டும் என்று கணக்கு உண்டு. நோயாளி வராவிட்டால் அவர்களுக்குப் படிப்பு நடக்காது. ஆகவே வருகிறவர்களை வரவேற்கிறார்கள். வாஷி, நெரூல் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆஸ்பத்திரி தூரம் என்பவர்களுக்கு, மாநகராட்சி 2022-ல் தொடங்கிய 'ஆப்லா தவாகானா' திட்டம் ஒன்று உண்டு. அதைச் சேர்ந்த பாலிகிளினிக்குகளில் பல் மருத்துவர் வருகிற இடங்களும் உண்டு. தங்கள் வார்டில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று நேரில் போய்க் கேட்டு வைத்துக்கொண்டால் அந்த மாவு அரைக்கிறவருக்கும் ஒரு வழி பிறக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கங்களும் கட்சிகளும் நடத்தும் இலவசப் பல் முகாம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முகாமில் இலவசம் என்பது பெரும்பாலும் பார்ப்பது மட்டும். பார்த்துவிட்டு "நாலு பல் சொத்தை" என்று சீட்டில் எழுதி, ஒரு பற்பசையும் கொடுத்து, ஏதாவது ஒரு கிளினிக்கின் முகவரியைக் காட்டுவார்கள். அதில் தப்பில்லை. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு எந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போகலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சம்பளச் சீட்டைப் பாருங்கள்

கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் மாதச் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று பிடித்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கான சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தொழிலாளியின் பங்கு 2019 ஜூலையில் 0.75 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 16,000 ரூபாய் சம்பளம் என்றால் மாதம் 120 ரூபாய். வருஷத்துக்கு 1,440 ரூபாய். முதலாளி கட்டுவது இதைவிடப் பல மடங்கு. பல் சிகிச்சையும் இ.எஸ்.ஐ. வைத்தியத்தில் அடங்கும், தொழிலாளிக்கு மட்டுமல்ல, அவரைச் சார்ந்த குடும்பத்துக்கும் சேர்த்து. வருஷக்கணக்காகப் பணம் கட்டிவிட்டு, பல் வலி என்றால் தனியாரிடம் மறுபடி பணம் கட்டுகிற பேர்களே அதிகம். "அங்கே போனால் ஒரு நாள் போய்விடும்" என்கிறார்கள். அதே இட்லிக்காரர் கணக்குத்தான்.

பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் தையல் பட்டறை, தோல் பட்டறைகளில் இருப்பவர்களுக்கு இந்த வசதி பொதுவாக எட்டுவதில்லை. தாராவியில் அப்படிப்பட்டவர்களே நிறைய.

ரயில்வே ஊழியர்களுக்கு இந்தக் கவலை குறைவு. மத்திய ரயில்வேக்கு பைக்குலாவிலும், மேற்கு ரயில்வேக்கு மும்பை சென்ட்ரலில் ஜகஜீவன்ராம் ஆஸ்பத்திரியும் உண்டு. ஓய்வு பெறும்போது ஒரு முறை பணம் கட்டி ரயில்வே வைத்தியத் திட்டத்தில் சேர்ந்தவர்களும் மனைவியோடு போகலாம். ஓய்வு பெற்று ஊரோடு போய்விடலாம் என்று எண்ணி, அந்தப் பணத்தைக் கட்டாமல் விட்ட பழைய கலாசிகள் சிலர் இப்போது வருந்துகிறார்கள். பல் போகும் வயதும் ஓய்வு பெறும் வயதும் ஏறக்குறைய ஒன்றாகத்தானே வருகின்றன.

படுக்கை கேட்கும் இன்சூரன்ஸ்

"இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று நம்பிப் போய் ஏமாறுகிறவர்களும் உண்டு. சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசி, ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். பில்லிங்குக்கு யார் படுக்கையில் சேருகிறார்கள்? விபத்தில் தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கிடைக்கும், சொத்தைக்குக் கிடைக்காது. வெளிநோயாளிச் செலவும் உண்டு என்று தனியாக எழுதியிருக்கும் பாலிசிகளில் சிலவற்றில் மட்டும் பல் சேர்த்தி. 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் அட்டையும் படுக்கை வைத்தியத்துக்குத்தான். பல் அடைக்க உதவாது.

இப்போது பெரிய கிளினிக்குகளில் "வட்டியில்லாத் தவணை" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். பைனான்ஸ் கம்பெனியின் அட்டையைத் தேய்த்தால் மாதாமாதம் கட்டலாம். சுழியம் சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, வேறு பெயரில் அந்தச் செலவு ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் பாங்குகளுக்கு எழுதியது. ஒரு உதாரணம். ரூட் கேனலும் கேப்பும் சேர்த்து 12,000 ரூபாய், ஆறு தவணை. "கையில் பணமாகக் கொடுத்தால் எவ்வளவு?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பதினொன்று என்றால், அந்த ஆயிரமும், தவணைக்காகப் பிடிக்கும் 'பிராசசிங்' கட்டணமும்தான் வட்டி. அதையும் மீறித் தவணை வேண்டுமென்றால் எடுக்கலாம். கந்து வட்டிக்கு அது எவ்வளவோ தேவலை. பத்து வட்டிக்கு ஐயாயிரம் வாங்கினால் மாதம் ஐந்நூறு வட்டி மட்டும். பத்து மாதத்தில் இன்னொரு பல்லின் விலை போய்விடும், அசல் அப்படியே நிற்கும்.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் பெண்கள் நடத்தும் 'பசத் கட்' சேமிப்புக் குழுக்களில் வைத்தியத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் தருகிறார்கள். கல்யாணத்துக்கும் பள்ளிக்கூடப் பீசுக்கும் கேட்கிறவர்கள், பல்லுக்குக் கேட்க வெட்கப்படுகிறார்கள். பல் என்றால் ஏனோ அது ஒரு நோயாகவே கணக்கில் வருவதில்லை. வேலையே செய்ய வேண்டியிருந்தால், டாக்டரிடமே தவணை கேட்கலாம். ரூட் கேனல் மூன்று, நாலு தடவை போக வேண்டிய வேலை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கப் பேட்டை டாக்டர்களில் பலர் சம்மதிக்கிறார்கள்.

மலிவு என்று நடைபாதை ஆட்களிடமும், சான்றிதழ் இல்லாத 'டாக்டர்'களிடமும் போகிறவர்கள் கடைசியில் அதிகம் கொடுக்கிறார்கள். பதிவு பெறாதவர் பல் வைத்தியம் செய்வதை 1948-ம் வருஷத்துச் சட்டமே தடை செய்தது. ஊசியும் கொறடும் கொதிக்கவைக்காமல் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போனால் மஞ்சள் காமாலைக் கிருமியும் கூடவே போகும். சொத்தையைச் சுத்தம் செய்யாமல் மேலே பசையை அப்பிவிட்டால் உள்ளே அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். சுவரில் பி.டி.எஸ். என்ற பட்டமும், மகாராஷ்டிர பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் காசு ஆகாது.

பாதியில் நின்ற வேர்

ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிற வழக்கத்தை முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளில் பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். பாஷை பிரச்சினை இல்லை. நாள் கூலியும் போவதில்லை, ஏற்கெனவே லீவில்தானே இருக்கிறார்கள். பில்லிங் என்றால் ஒரே நாளில் முடிந்துவிடும். தாராளமாகச் செய்துகொள்ளலாம்.

ஆபத்து ரூட் கேனலில்தான் இருக்கிறது. பத்து நாள் லீவில் போய், கொடை முடிந்த மறுநாள் டாக்டரிடம் போய், நரம்பை எடுத்து மருந்து வைத்துத் தற்காலிகச் சிமெண்டால் மூடிக்கொண்டு, "அடுத்த வாரம் வாருங்கள்" என்று அவர் சொல்லும்போது நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறார்கள். மும்பைக்கு வந்தபின் வலி இல்லை. வலி இல்லாததால் ஞாபகமும் இல்லை. அந்தச் சிமெண்ட் சில வாரத்துக்குத்தான் தாங்கும். அது கரைந்து ஒழுக ஆரம்பித்தால் கிருமி மறுபடி வேருக்குள் இறங்கும். அடுத்த வருஷம் கொடைக்குப் போகும்போது பல் பாதி உடைந்திருக்கும். கொடுத்த பணமும் போச்சு, பல்லும் போச்சு. ஊரில் ஆரம்பிப்பதானால் இறங்கிய மறுநாளே ஆரம்பிக்க வேண்டும். முடியாவிட்டால் ஊர் டாக்டரிடம் எக்ஸ்ரேயையும், என்ன செய்தார் என்று எழுதிய சீட்டையும் கேட்டு வாங்கி வந்து, அந்த மாதத்திலேயே இங்கே தொடர வேண்டும்.

குழந்தைகள் விஷயத்திலும் இதே போன்ற ஒரு தவறு நடக்கிறது. ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், கீழேயும் மேலேயும் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்றே தாய்மார்கள் நினைக்கிறார்கள். அது சொத்தையானால் "விழுந்து முளைக்கப் போவதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது. சாகும்வரை இருக்க வேண்டிய பல் அது. விழப்போகும் பால் பல்லிலும், கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும்; முன்னதாகப் பிடுங்கினால் பின்னால் வரும் பல் கோணலாகும். பிறகு கம்பி கட்டுவதற்கு ஆகும் செலவைக் கேட்டால் மயக்கம் வரும்.

பல் அடைத்த அன்று வாய் மரத்திருக்கும்போது ஒன்றும் சாப்பிட வேண்டாம். கன்னத்தைக் கடித்துக்கொள்ள நேரும். மரப்பு தெளிந்தபின் அந்தப் பல் மட்டும் முதலில் தட்டுவது போல் இருந்தால், அடைப்பு கொஞ்சம் உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். மறுநாளே போய்ச் சொன்னால் தேய்த்துச் சரிசெய்வார்கள், பொதுவாக அதற்குத் தனிப் பணம் கேட்பதில்லை. வெள்ளிச் சிமெண்ட் வைத்திருந்தால் ஒரு நாள் முழுவதும் அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது. சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அடைப்பு பெயர்ந்து விழுந்தால், அதைக் காட்டிக் கேட்க அது ஒன்றுதான் ஆதாரம்.